கூவத் தொடங்கிய சேவல்

இடது கையை எக்ஸ்ரே எடுத்து அனுப்பச் சொன்னார் கோச். எனக்கு எரிச்சலாக வந்தது. என் மகன் பந்தை அடிப்பது வலது கையால். எங்கள் தோங்காங் துறைமுகத்தில் மீன் பொறுக்கித் தின்னும் பூனைக்குக்கூட அது தெரியும்.

"வலது கைதானே சார்? மாத்திச் சொல்றீங்களா?" என்று போனிலேயே கேட்டேன்.

"இல்லம்மா, இடதுதான். எலும்பு வயசு பாக்கறதுக்கு. சேர்ற எல்லாப் பசங்ககிட்டயும் கேக்கறதுதான். ஆ-யென்னுக்கு அது சும்மா பேருக்கு. ஆறாங்கிளாஸ்ல இவ்வளவு உசரமான பையனை நான் பாத்ததே இல்ல."

அந்தக் கடைசிப் பேச்சுக்காக அவரை மன்னித்தேன்.

காவ்ஷியோங் நகரத்தில் இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளியில் வாலிபாலுக்கென்றே தனி வகுப்பும் விடுதியும் உண்டு. அங்கே போனவர்கள் நாட்டுக்கு ஆடுகிறார்கள். ஆ-யென் எட்டு வயதிலிருந்து அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லித்தான் காலையில் எழுந்திருக்கிறான். பந்தைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிறான். அதைக் கழுவக் கேட்டால் என்னோடு சண்டைக்கு வருகிறான். கோச் போன வருஷமே வந்து பார்த்து, இடம் உனக்குத்தான் என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருந்தார். பாக்கி இருந்தது இந்த எக்ஸ்ரே ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் சூரை மீன் படகில் இருக்கிறார். இப்போது எந்தக் கடலில் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏதாவது துறைமுகத்தில் ஒதுங்கினால் போன் வரும். நான் மீன் மார்க்கெட் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். முட்டை ரொட்டி, சோயாப்பால், முள்ளங்கிப் பணியாரம். விடிவதற்கு முன் அடுப்பை மூட்டினால் உச்சி வெயிலுக்குத்தான் உட்கார முடியும். அதனால் என் இரண்டு பிள்ளைகளையும் அப்பனாக இருந்து பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரரின் அண்ணன் ஆ-தாங்தான். சந்தையில் கோழிக்கடை வைத்திருக்கிறார்.

ஆ-தாங் அத்தான் குள்ளம். கொஞ்சநஞ்சக் குள்ளம் இல்லை. கோயில் ஊர்வலத்தில் இரண்டு காவல் சாமிகள் ஆடி வரும். ஏழாம் சாமி பனைமரம் மாதிரி, எட்டாம் சாமி கறுத்துக் குறுகிப் பானை மாதிரி. ஊரில் அத்தானுக்கு 'எட்டாம் சாமி' என்றுதான் பெயர். அவரும் சிரித்துக்கொண்டே, "சாமின்னாவது சொல்றீங்களே, காணிக்கை வைங்க" என்பார். ஆனால் மூன்று இடத்தில் பெண் பார்த்து மூன்று இடமும் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணின் அப்பா, "மாப்பிள்ளை உக்காந்தே இருக்கட்டும், எந்திரிக்க வேணாம்" என்றாராம், அவர் நின்றுகொண்டிருக்கும்போதே. அதற்குப் பிறகு அத்தான் பெண் பார்க்கப் போகவில்லை. ஆ-யென் பிறந்தபோது தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை, "இவன் என்னை மாதிரி ஆகக் கூடாது."

எங்கள் ஊர்ப்பக்கம் பையனுக்குக் குரல் உடைந்தால் 'ஆளாக்கும் கோழி' போடுவார்கள். அப்போதுதான் கூவத் தொடங்கிய, இன்னும் பெட்டையோடு சேராத சேவல். மருந்துக்கடையில் கட்டித்தரும் வேர்ப் பொட்டலம், எள்ளெண்ணெய், அரிசிச் சாராயம். தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அரைநாள் வேகவேண்டும். பையன் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல், எலும்பைக்கூடப் பங்கு கொடுக்காமல், மொத்தத்தையும் அவனே தின்ன வேண்டும். பங்கு கொடுத்தால் உயரமும் பங்கு போய்விடும் என்பது கணக்கு.

மற்ற வீடுகளில் குரல் உடைந்த பிறகு ஒரு தடவை, இரண்டு தடவை. அத்தானுக்கு அந்தப் பொறுமை எங்கே இருக்கிறது? கோழிக்கடையும் அவருடையது, ஆசையும் அவருடையது.

"குரல் உடையற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் பீ-யுன்? நாத்து நட்ட அன்னிக்கே உரம் போட்டாத்தானே பயிரு நிமிரும்!" என்றார். ஆ-யென்னுக்கு எட்டு வயது முடிந்ததும் ஆரம்பித்தார். வாராவாரம் ஒரு சேவல். நான் தடுக்கவில்லை. எதற்குத் தடுக்க வேண்டும்? அப்பன் இல்லாத வீட்டில் பிள்ளைக்குக் கோழி அடித்துப் போட ஒருத்தர் இருக்கிறாரே என்று நெஞ்சு குளிர்ந்துதான் இருந்தது.

பிள்ளையும் வளர்ந்தானே! முளைத்து மூன்று இலை விடாத வயதில் அக்குளில் வியர்வை நாற்றம் வந்தது. கால்சட்டை ஒவ்வொன்றும் மூன்று மாதத்தில் முழங்காலைப் பார்த்து ஏறியது. பத்து வயதில் ஒரு நாள் காலை, கடையில் எனக்குக் குரல் கொடுத்தான்: "அம்மா, ரெண்டு முட்டை ரொட்டி, ஒரு சோயா..." 'பால்' என்று வர வேண்டியது கொக்கரித்துக்கொண்டு வந்தது. மீன்காரர்கள் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எதிர்ச் சாரியிலிருந்து அத்தான் கையில் வெட்டுக்கத்தியோடு ஓடி வந்தார்.

"கூவிட்டான்டா! என் சேவல் கூவிட்டான்!"

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் செலவில் சோயாப்பால். ஆ-யென் வெட்கத்தில் முகம் சிவந்து பள்ளிக்கு ஓடினான். பதினொன்றில் மீசை அரும்பியது. பன்னிரண்டில் அத்தானைத் தாண்டி, என்னைத் தாண்டி, எங்கள் தாழ்ந்த நிலைவாசலில் தலை குனிந்து வந்தான். பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன போட்டு வளக்கிறே?" என்று கேட்டார்கள். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

எக்ஸ்ரே எடுக்கப் பிங்தோங் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பெண், என் தங்கை வயது இருக்கும். கணினித் திரையில் ஆ-யென்னின் கை வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"வேர்வை வாசனை எப்ப வந்துச்சு?"

"ஒன்பது ஆகறதுக்கு முன்னாடியே வந்துருச்சு டாக்டர்!" என்றேன். முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னேன்.

"குரல்?"

"பத்து வயசுல. எங்க தெருவுலயே இவனுக்குத்தான் முதல்ல."

"கடைசி ஆறு மாசத்துல எவ்வளவு வளந்தான்?"

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தாண்டுக்கு வாங்கிய கால்சட்டை இன்னும் சரியாகத்தான் இருந்தது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

என்னைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனைப் பரிசோதித்தாள். திரும்ப உள்ளே போனதும் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"சின்னப் பசங்களுக்கு இந்த எலும்பு முனைல எல்லாம் கறுப்பா ஒரு கோடு இருக்கும்மா. அதுதான் வளர்ற இடம். இங்க பாருங்க. கிட்டத்தட்ட எல்லாம் மூடிருச்சு. இது பன்னெண்டு வயசுக் கை இல்ல. பதினாறு வயசுக் கை."

"அதனால?"

"இன்னும் ரெண்டு சென்டிமீட்டர் வளருவான். அதிர்ஷ்டம் இருந்தா மூணு. அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். "டாக்டர், இவன் கிளாஸ்லயே இவன்தான் உசரம். ஆளைப் பாருங்க."

"இப்ப உசரம். மத்த பசங்க இனிமேதான் ஆரம்பிப்பாங்க. இவன் முன்னாடியே ஓடி முடிச்சிட்டான். குரல் உடைஞ்சா வளர ஆரம்பிக்கறான்னு எல்லாரும் நினைக்கிறீங்க. அதுக்குள்ள வண்டி பாதி தூரத்துக்கு மேல போயிருக்கும்மா. பையன்களுக்கு ஒன்பதுல இருந்து பதினாலுக்குள்ள எப்ப வேணா தொடங்கலாம், எல்லாமே சாதாரணம்தான். இவனுக்கு அதுக்கும் முன்னாடியே தொடங்கியிருக்கு." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆளாக்கும் கோழி போட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"எத்தனை தடவை?"

சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதுனாலதானா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதுவா இருக்கலாம். பரம்பரையா இருக்கலாம். சில பசங்களுக்குக் காரணமே இருக்காது. வீட்ல தம்பி இருந்தா அவனுக்குக் குடுக்காதீங்க. அவனையும் ஒரு தடவை கூட்டிட்டு வாங்க."

ஊசி இருக்கிறதாமே, மருந்து இருக்கிறதாமே, கடையை விற்றாவது போடுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். மூடிய எலும்பை ஊசி திறக்காது. ரெண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம். ரெண்டு வருஷம் முன்னால்! அப்போது நாங்கள் ஊருக்கே சோயாப்பால் ஊற்றிக்கொண்டிருந்தோமே! அந்தப் பெண்ணை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"இவனுக்கு நோய் எதுவும் இல்லம்மா. நல்லா ஆரோக்கியமா இருக்கான்" என்றாள்.

நோய் என்றாலாவது மருந்து கேட்கலாம். ஆரோக்கியத்துக்கு என்ன மருந்து கேட்பது?

அவள் ஆ-யென்னைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றாள். அவன் உயரத்தைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நெஞ்சுல, காம்புக்கு அடியில, கட்டி மாதிரி இருக்கு. தொட்டா வலிக்குது. புத்துநோயா?" என்றான்.

"பாத்தேன். புத்துநோய் இல்ல. பாதிப் பசங்களுக்கு இந்த வயசுல வர்றதுதான். ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல தானாப் போயிரும்."

"போன வருஷத்துல இருந்து இருக்கு."

போன வருஷத்திலிருந்து! கூன் போட்டு நடக்காதே, நிமிர்ந்து நட, உயரமான பிள்ளைக்கு என்ன கேடு என்று அவன் முதுகில் நான் குத்திக்கொண்டே இருந்த வருஷம் அது. நீச்சல் வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அவன் அடம்பிடித்தபோது சோம்பேறி என்று திட்டினேன். பிள்ளை சாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

"ஏன்டா அம்மாகிட்ட சொல்லல?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது? அப்பாகிட்ட கேக்கலாம்னு இருந்தேன். அவர் போன் வரும்போதெல்லாம் நீங்க பக்கத்துலயே இருந்தீங்க."

அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தேன்.

படத்தைக் கோச்சுக்கு போனில் அனுப்பினேன். பதில் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. போன் அவன் கையில் இருந்தது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினான். இந்த வருஷம் இடம் குறைவாம். ஆ-யென் நல்ல பையனாம். படிப்பிலும் கவனம் செலுத்தச் சொல்லியிருந்தார். எவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார் பாருங்கள், பாவி மனுஷன்.

ஆ-யென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வாட்டர் ஆப்பிள் தோப்புகள் வந்து வந்து போயின. அவன் அழுதானா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாதிரி இருந்திருந்தால் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். மீசை வைத்த இந்த உடம்பை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கை மேல் கை வைத்தேன். இடது கைதான் கிடைத்தது.

ஊர் நெருங்கும்போது திரும்பினான்.

"அம்மா, பெரியப்பாகிட்ட சொல்லாதீங்க."

"எப்படிடா சொல்லாம இருக்கறது?"

"ஸ்கூல்ல இடம் இல்லன்னு மட்டும் சொல்லலாம். கோழி விஷயம் வேணாம். அவர் அழுவாரு. அழுதா மூக்கு ஒழுகும், பாக்கவே சகிக்காது."

சிரித்தோம், இரண்டு பேரும். எப்படிச் சிரிப்பு வந்தது என்று கேட்காதீர்கள்.

கடையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நுழையும் முன்பே சாராயமும் எள்ளெண்ணெயும் வேரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அத்தான் சமையல் ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்புமுன் பலகை மேல் நின்று கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். மேசையில் என் சின்னவன் தோதோ, கழுத்தில் துண்டு கட்டி, இரண்டு கையிலும் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன வாரம்தான் அவனுக்கு எட்டு முடிந்தது.

"வாங்க வாங்க! இன்னிக்கு ரெண்டு விசேஷம் பீ-யுன்! பெரியவன் விடுதிக்குப் போறான், சின்னவன் கோழிக்கு வர்றான். கடையிலேயே நல்ல சேவலா பாத்து வெச்சிருந்தேன். நேத்துதான் முதல் கூவல். கேட்டியாடா தோதோ? இதைத் தின்னா அண்ணனைத் தாண்டிருவ!"

"நான் ஏழாம் சாமி ஆகப்போறேன்!" என்று தோதோ குதித்தான்.

அத்தான் பெரிய கிண்ணத்தில் ஊற்றி அவன் முன்னால் வைத்தார். கொழுப்பு மினுமினுவென்று மிதந்தது. சொன்னால் இந்த மனுஷன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளை குடித்துவிடுவான். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். ஊரையே வாயால் ஓட்டுகிறவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு அந்த வாய் எங்கே போனது?

ஆ-யென் பையைக் கீழே வைத்தான். நேராக மேசைக்குப் போனான். தம்பியின் முன்னாலிருந்து கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

"டேய்! டேய், என்னடா இது! அது தம்பியோடது!"

உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தோதோ வாயைப் பிளந்து அழத் தொடங்கினான். அத்தான் கதவைத் தட்டினார். முதலில் சிரித்துக்கொண்டுதான் தட்டினார். பிறகு அவர் குரல் மாறியது.

"வெக்கமா இல்லயாடா உனக்கு? எருமை மாதிரி வளந்து நிக்கறியே, இன்னும் பத்தலயா? தம்பி உசரத்தையும் சேத்துத் திங்கறியா? உன்னை இப்படியா வளத்தேன்? குள்ளனா இருக்கறது என்னன்னு உனக்குத் தெரியுமாடா? தெரியுமா?"

உள்ளே எலும்பைக் கடிக்கும் சத்தம். திட்டையும் கறியோடு சேர்த்து முழுங்கிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அவனைத் திட்டாதீங்க அத்தான்" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நிற்கவில்லை. எக்ஸ்ரே, பதினாறு வயதுக் கை, கோச், கோழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதனால்தானா என்று டாக்டருக்கே தெரியவில்லை என்பதையும் சொன்னேன். அதை இரண்டு தடவை சொன்னேன். அவர் காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை.

அத்தான் கரண்டியோடு நின்றார். எண்ணெய் அவர் செருப்பில் சொட்டியது.

"மாத்து மருந்து இருக்கும்ல?" என்றார். "மருந்துக்கடைல கேட்டா... சூட்டுக்குக் குளிர்ச்சி, எதுக்கும் ஒரு மாத்து இருக்குமே பீ-யுன்."

"இல்ல அத்தான்."

"நான் வேணா டாக்டர்கிட்ட வந்து பேசறேன். நான்தான் போட்டேன்னு சொல்றேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு..."

"இல்ல அத்தான். சொன்னாலும் ஒண்ணும் ஆகாது."

கதவு திறந்தது. ஆ-யென் காலிக் கிண்ணத்தோடு வந்து நின்றான். உதடெல்லாம் எண்ணெய். என்னை ஒரு பார்வை பார்த்தான், சொல்லிட்டீங்களா என்று. அத்தான் அவனையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சும் ஏன்டா குடிச்சே?"

"வெச்சா தம்பி குடிப்பான். கொட்டினா நீங்க ஏன்னு கேப்பீங்க." அவன் அப்பா பேசுவது போலவே இருந்தது அந்தக் குரல். "எனக்கு இனிமே அது ஒண்ணும் பண்ணாது பெரியப்பா. எல்லாம் மூடிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க."

அத்தான் அழுதார். பையன் சொன்னபடியே மூக்கு ஒழுகியது, பார்க்கச் சகிக்கவில்லை. ஆ-யென் மேசையிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டையை உருவி அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டான். அதற்கு அவன் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.